மணிக்கோபுரத்துக்குப் போட்ட நீலம்

முதலில் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். டிக், டிக், டிக். பிறகு ஒரு டொக்.

நான் மணிக்கோபுரத்தின் தெற்குப் பக்கத்தில், சாரத்தின் மூன்றாவது தட்டில் நிற்கிறேன். கையில் நீண்ட பிடி போட்ட தூரிகை, காலடியில் சுண்ணாம்பு வாளி. கீழே கல்லறைகள். அவற்றைச் சுற்றிச் சரளைக்கல்லைச் சீப்பால் வாரியதுபோல் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதற்கு அப்பால் பார்லி வயல். காற்று ஒரு பன்றிப் பண்ணையின் மணத்தைக் கொண்டுவந்து முகத்தில் அப்புகிறது.

சத்தம் தேவாலயத்துக்கு உள்ளே இருந்து வருகிறது. அந்தோனி உட்சுவரைத் தட்டிக்கொண்டு போகிறான். மன்னாரில் தையற்கடை வைத்திருந்தவன். தைக்கும்போது விரல்நுனியில் மாட்டுகிற இரும்புத் தொப்பியை டென்மார்க் வரைக்கும் கொண்டுவந்திருந்தான். அதை மாட்டிக்கொண்டுதான் சுவரைத் தட்டுவான். டிக் என்றால் சுண்ணாம்பு சுவரோடு ஒட்டியிருக்கிறது. டொக் என்றால் உள்ளே காற்று. அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

எங்கள் மேசன் வில்லி வேறு யாரையும் அந்தச் சுவரைத் தொட விடுவதில்லை. சுண்ணாம்புச் சூளையில் இரண்டு வருடம் நின்றவன் நான். என்னையும் விடவில்லை. தையற்காரன் உள்ளே, நான் வெளியே.

ஒவ்வொரு டொக்குக்கும் எனக்கு வயிறு எரிந்தது.

ஓர் ஆணிக்கு மூன்று கடிதம்

போன கிழமை எழுதியதைக் கிழக்கு பெர்லினில் ரயில் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். கப்பல், பொலிஸ், முகாம் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வந்த எல்லோருக்கும் அது ஒரே கதைதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், இக்காஸ்ட் நகரத்தில் இருந்து சைக்கிளில் ஒரு மணி நேரம் போகவேண்டிய இடத்தில், ஒரு பழைய விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். ஓர் அறைக்கு நான்கு பேர். ஒருவன் குறட்டை விடுவான். ஒருவன் தூக்கத்தில் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுவான். நான் ஒன்பது மாதம் அதற்குள் படுத்தேன்.

கொம்யூன் என்று சொல்லும் உள்ளூராட்சி அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் வந்து, மொழி வகுப்பு இல்லாத நாட்களில் வேலை பழகலாம் என்றாள். நானும் அந்தோனியும் வில்லியிடம் போனோம். போகும்போதே அவள் சொல்லிவிட்டாள்: கோடை முடிந்ததும் வில்லி ஒருவரை நிரந்தரமாக எடுப்பார். ஒருவரை மட்டும். பட்டறைக்கு மேலே இருக்கிற அறையும் அவருக்குத்தான்.

அந்த அறையை நான் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, உள்ளே இருந்து பூட்டலாம். அதற்குமேல் எனக்கு அந்த நாட்டில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தேவாலயம் சின்னது. எண்ணூறு வருடம் பழையது என்றார்கள். கருங்கல்லைச் சதுரமாகக் கொத்தி, ஒரு தாள் நுழையாத அளவுக்கு நெருக்கி அடுக்கிய சுவர். சின்னச் சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அரைவட்டம். கிழக்கே பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் வளைந்து, பாதியாய் வெட்டிய குடம் மாதிரி முடிகிறது. வடக்கே ஒரு வாசலைக் கல்லால் அடைத்திருந்தார்கள். முன்னொரு காலத்தில் பெண்கள் வந்து போன வாசலாம். மணிக்கோபுரம் மட்டும் பின்னால் கட்டியது. செங்கல், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. பின்னால் என்றால் ஐந்நூறு வருடத்துக்கு முன்னால். வில்லி அதைப் புதுக் கட்டடம் என்றுதான் சொல்வார்.

முதல் நாள் மழைக்கோட்டைத் தொங்கவிடுவதற்கு முன்மண்டபத்தில் ஓர் ஆணி அடிக்கப் போனேன். வில்லி ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அந்தோனி மொழிபெயர்த்தான்.

"அண்ணை, ஆணி அடிக்கிறதெண்டால் கடிதம் எழுத வேணுமாம். கோயில் சபைக்கு ஒண்டு. அவையள் மேலிடத்துக்கு ஒண்டு. மேலிடம் கோப்பன்ஹேகனுக்கு ஒண்டு."

"ஆணிக்கோ?"

"ஓம். ஆணிக்குத்தான்."

அந்தக் கிழமைதான் ஊரில் இருந்து எனக்குக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. மேற்குச் சுவரும் இல்லை. எல்லோரும் அத்தை வீட்டில் சுகம். அந்தச் சுவரை இடிப்பதற்கு யாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு முழுவதும் அந்தக் கருங்கற்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு கட்டடத்தின்மேல் பொறாமைப்படலாம் என்பது அதற்குமுன் எனக்குத் தெரியாது.

கட்டடம் என்ன செய்யும். அதன்மேல் வந்த எரிச்சல் மெல்ல மெல்ல அந்தோனியின் பக்கம் திரும்பியது.

அன்டன்

அந்தோனி என்னைவிட இரண்டு வயது இளையவன். மெலிந்த உடம்பு, நீண்ட விரல்கள். அவனுடைய பெயர்கூட அவனுக்கு உதவி செய்தது. டென்மார்க்கில் அன்டன் என்று ஆட்கள் உண்டு. கல்லறைகளிலேயே நாலைந்து அன்டன்கள் இருந்தார்கள். முதல் நாளே அவன் அன்டன் ஆகிவிட்டான்.

என் பெயர் மகாலிங்கம். அப்பாவின் பெயர் கந்தையா. கப்பலால் இறங்கிய இடத்தில் பொலிஸ்காரர் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாக் கடதாசியிலும் நான் கந்தையா. வில்லி "கந்தையா" என்று கூப்பிடும்போதெல்லாம், அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

அந்தோனிக்கு டேனிஷ் மொழி சீக்கிரம் வந்தது. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரின் மனைவி அவனுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுப்பாள். எனக்கும் கொடுப்பாள். ஆனால் அவனோடு நின்று கதைப்பாள்.

"உது உங்கட கத்தோலிக்கக் கோயில் இல்லையே அந்தோனி," என்று ஒருநாள் கேட்டேன். "உது புரட்டஸ்தாந்துக் கோயில். மாதாவும் இல்லை, ஒண்டும் இல்லை."

"கட்டேக்கை எங்கடதானே அண்ணை," என்றான். "பிறகுதானே மாறினவை."

எதற்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். அண்ணை என்று வேறு கூப்பிடுவான்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சூளைக்குப் போனவன். சிப்பியும் சுண்ணக்கல்லும் விறகும் மாறிமாறி அடுக்கி எரிக்கிற வேலை. ஒருமுறை இடது கண்ணில் ஒரு துளி தெறித்து, மூன்று நாள் உலகம் பாலாகத் தெரிந்தது. பிறகு வவுனியாவில் அரிசி ஆலை, திருகோணமலையில் மூட்டை, பெய்ரூட்டில் ஒரு கப்பலின் அடித்தட்டு. எங்கே போனாலும் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே பொருள் சுண்ணாம்பு.

ஊரில் காலையில் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றினால் மாலையில் பூசுவோம். வில்லி நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் போட்டு மூடி, வருடக்கணக்கில் ஊறுகாய் மாதிரி ஊறவிடுவார். அதைத் தண்ணீராகக் கரைத்து ஐந்து தரம் பூச வேண்டும். பூசும்போது ஒன்றும் தெரியாது. சுவர் நனைந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். மறுநாள் காய்ந்த பிறகே வெள்ளை எழும்பும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டாம் நாளே தடிப்பாகக் கரைத்தேன். வில்லி வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வாளியைப் புல்லில் கவிழ்த்தார்.

அன்றைக்குப் பிறகு, என் வாளியையும் அந்தோனிதான் கரைத்தான்.

குளம்பு

ஒருநாள் டொக் என்றது. பிறகு சத்தமே இல்லை. சத்தம் இருந்தபோது எரிந்தேன், நின்றபோது என்னால் மேலே நிற்க முடியவில்லை. இறங்கி உள்ளே போனேன்.

வடக்குச் சுவரில், அடைத்த வாசலுக்குப் பக்கத்தில், ஒரு ரொட்டி அளவுக்குச் சுண்ணாம்பு கழன்று விழுந்திருந்தது. அதற்குக் கீழே செங்காவி நிறத்தில் ஒரு கோடு. கோட்டின் முடிவில் ஒரு குதிரைக் குளம்பு. அந்தோனி விழுந்த துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். வில்லி தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார்.

பழைய காலத்து ஓவியம். மேலே எத்தனையோ தரம் வெள்ளை பூசி மூடிவிட்டார்கள்.

சில நாளில் கோப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளை மேலங்கி, டாக்டர்மாரின் கத்தி மாதிரிச் சின்னக் கத்திகள், ஒரு பெட்டி பஞ்சு. குளம்புக்கு மேலே கால் வந்தது. காலுக்கு மேலே வயிறு. அவள் அந்தோனியின் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த இரும்புத் தொப்பியை வாங்கித் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். பாதிரியார், அருங்காட்சியகப் பெண், நடுவில் அந்தோனி. நான் வாசலில் என் ஏணியோடு நின்றேன். படக்காரர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். என்னையும் வரச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு அடி வைத்தேன். ஏணியை நகர்த்தச் சொல்லியிருக்கிறார். ஏணியோடு நானும் நகர்ந்தேன்.

"அண்ணை, நீங்களும் வாங்கோவன்," என்றான் அந்தோனி.

"உன்ர குதிரை. நீயே நில்."

இரண்டு பக்கெற்

அடுத்த ஞாயிறு குதிரையைப் பார்க்க ஊரே வரும் என்று பேச்சு. கோபுரத்தின் தெற்கு முகத்துக்கு ஒரேயொரு பூச்சு மிச்சம் இருந்தது. அதை நான் வெள்ளிக்கிழமை பின்னேரம் முடிக்க வேண்டும். வில்லி உள்ளே, அருங்காட்சியகப் பெண் ஏறி நின்ற சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்க யாரும் இல்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்களுக்கு நான் செய்ததை விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பூச்சில் ஒரு சிட்டிகை நீலம் போடுவோம். வேட்டிக்குப் போடுகிற அதே நீலம். சுண்ணாம்பின் மஞ்சள் அடங்கி, வெள்ளை கண்ணைக் குத்தும். பொங்கலுக்கு முதல் கிழமை தெருவில் போனால், எந்த வீட்டில் நீலம் போட்டிருக்கிறார்கள், எந்த வீட்டில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

தங்கச்சி என் பெட்டியில் இரண்டு சின்னக் கடதாசிப் பக்கெற் நீலத்தூள் வைத்து அனுப்பியிருந்தாள். அகதி விசாரணைக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள். அதை அன்றைக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் பக்கெற்றில் பாதி கொட்டிக் கலக்கினேன். அந்தச் சாம்பல் வானத்துக்குக் கீழே அது காணாது, இன்னும் வேண்டும் என்று பட்டது. மீதியையும் கொட்டினேன். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அருங்காட்சியகப் பெண் சிரித்தாள். பிறகு அந்தோனி சிரித்தான். நான் இரண்டாவது பக்கெற்றைப் பல்லால் கிழித்தேன்.

குதிரையைப் பார்க்க உள்ளே போகிற ஒவ்வொருவரும் என் கோபுரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அதுதான் என் எண்ணம். வேறு எண்ணம் இல்லை.

வாளியில் நீலமாகத் தெரிந்தது. சுவரில் ஈரத்தோடு ஈரமாக ஒளிந்துகொண்டது. காய்ந்தால் நீலம் அடங்கி வெள்ளை மட்டும் நிற்கும் என்று நம்பி, மேலிருந்து கீழ்வரைக்கும் இழுத்துவிட்டு, தூரிகையைக் கழுவி வைத்தேன்.

காலையில்

காலையில் கோபுரம் நீலமாக நின்றது.

இளநீலம் என்றுகூடச் சொல்ல முடியாது. தூரிகை போன வழியெல்லாம் கோடு கோடாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை நிறம். தெருவில் போன ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வில்லியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னவாம்?" என்று அந்தோனியிடம் கேட்டேன்.

"பாதிரியாருக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்திட்டுதோ எண்டு கேக்கிறார்."

அங்கே ஆண் குழந்தைக்கு நீல நிறமாம். பாதிரியாருக்கோ அறுபது வயது, கல்யாணமே செய்யாதவர். வில்லி சிரிக்கவில்லை.

அந்தோனி சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான். "நீலம் போட்டனீங்களோ அண்ணை?"

நான் தலையாட்டினேன்.

"எவ்வளவு போட்டனீங்கள்?"

"ரெண்டு பக்கெற்."

"ஒரு வாளிக்கோ?" என்றான். "ஐயோ அண்ணை. ஒரு ஊருக்கே காணுமே அது."

வில்லி வாளியைத் தூக்கிப் பார்த்தார். அது அந்தோனி கரைத்துக் கொடுத்த வாளி. "அன்டன்?" என்றார்.

டேனிஷில் நான் என்ற சொல்லை முதல் பாடத்திலேயே படித்திருந்தேன். ஒரே ஒரு அசை. அது வாயில் இருந்து வரவில்லை. வராததற்கு மொழி காரணம் இல்லை. பட்டறைக்கு மேலே இருக்கிற அறை என் கண்ணுக்கு முன்னால் நின்றது. வாளி அவனுடையது, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணத்துக்கு மேலேயே நினைத்தேன்.

அந்தோனி பேசத் தொடங்கினான். நீளமாகப் பேசினான். நடுவில் "கந்தையா" என்று இரண்டு தரம் வந்தது. வில்லி என்னைத் திரும்பிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், சுண்ணாம்புக் குழியை நோக்கி நடந்தார். காட்டிக்கொடுத்துவிட்டான் என்று முடிவு செய்தேன்.

"சுரண்டக் கூடாதாம்," என்று அந்தோனி வந்து சொன்னான். "பூசினது பூசினதுதானாம். மேல வெள்ளை பூசி மூடத்தான் ஏலுமாம். ரெண்டு தரம்."

நான் வாளியை எடுத்துக்கொண்டு ஏணிக்குப் போனேன். அதற்குப் பிறகு கோடை முடியும்வரை அவனோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஞாயிறு வந்தவர்கள் ஒரு பூச்சுக்கு அடியில் நீலம் கசிகிற கோபுரத்தைத்தான் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டதும் அதுதானே.

திங்கட்கிழமை இரண்டாவது வெள்ளையையும் பூசி முடித்ததும் பாதிரியார் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் தோல் அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகம். தேவாலயத்தில் என்ன மாறினாலும் அதில் எழுதுவார்களாம். அவர் ஆறேழு வரி எழுதி, பேனாவை என் கையில் கொடுத்து, ஓர் இடத்தைக் காட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. அதுவரை அந்த நாட்டில் நான் கையெழுத்து வைத்தது எல்லாம் பொலிஸில்தான். இதுவும் குற்றப்பத்திரம் என்று நினைத்தே கையெழுத்து வைத்தேன்.

இலையுதிர்காலத்தில் வில்லி அந்தோனியை எடுத்தார். அறையும் அவனுக்கு. சொல்லிவிட்டுப் போக வந்தான். நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். எனக்கு இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் இரவு முறை கிடைத்தது. சுண்ணாம்புக்காரன் துணியில், தையற்காரன் சுண்ணாம்பில். அந்த ஆலையில் நூல் அறுந்து இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவன் ஞாபகம் வரும்.

புத்தகம்

பல வருடம் போனது. கல்யாணம், பிள்ளைகள், கோபம் குறைந்து வருடப்பிறப்புக்கு ஒரு தொலைபேசி. வில்லி ஓய்வுபெற்ற பிறகு அந்தோனி பட்டறையையும் எடுத்துக்கொண்டான். ஒருநாள் காரோடு என் வாசலில் வந்து நின்றான்.

"கோபுரத்துக்கு வெள்ளை அடிக்கிறன் அண்ணை. வாங்கோ, வந்து பாருங்கோ. நீலம் கொண்டுவராதேங்கோ."

போனேன். பாதிரியார் மாறியிருந்தார். இப்போது ஓர் இளம் பெண். பழைய கதையை அந்தோனி சொல்ல, அவள் சிரித்துக்கொண்டு போய் அந்தத் தோல் அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்து வைத்துவிட்டு, கோப்பி போட உள்ளே போனாள். என் கையெழுத்தை நான் தேடிக் கண்டுபிடித்தேன். இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும்.

கோபுரத்தின் தெற்கு முகம் நீலம் கலந்த சுண்ணாம்பால் பூசப்பட்டது. பூசியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மகாலிங்கம், கந்தையாவின் மகன். தம் நாட்டில் மதிப்புக்குரிய வீடுகளுக்குச் செய்வதை அவர் இங்கும் செய்தார். நிறம் கூடிவிட்டபடியால் மேலே இரண்டு தரம் வெள்ளை பூசி மூடப்பட்டது. நீலம் உள்ளே இருக்கிறது.

மகாலிங்கம், கந்தையாவின் மகன். அந்த வருடத்தில் என்னைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கடதாசியிலும் என் பெயர் சரியாக இல்லை. இதில் இருந்தது. அதைப் பாதிரியாருக்குச் சொல்லக்கூடிய ஆள் அந்த ஊரில் ஒருவன்தான்.

"நீதான் சொன்னனீயோ?"

"ஓம். நீங்கள் வாய் திறக்கேல்லை. நான் பின்னை என்ன செய்ய?"

அவன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு தாளைப் பின்னால் புரட்டினான். குதிரையைத் தேடினான். விரலை வைத்து வாசித்தான். வடக்குச் சுவரில் ஒரு குதிரையின் உருவம் வெளிப்பட்டது. அருங்காட்சியகத்தினர் கண்டெடுத்தார்கள். அவ்வளவுதான். விரல் மறுபடியும் முதல் வரிக்குப் போனது.

"என்ர பேர் இல்லை அண்ணை," என்றான்.

நான் எட்டிப் பார்த்தேன். இல்லை.

"பழுதாக்கினவருக்குப் பேர் இருக்கு," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்புப் பாதியில் நின்றது. "உங்கட பேரை நான் குடுத்தன். என்ர பேரை ஆரும் குடுப்பினம் எண்டு நினைச்சன்."

அவன் முகத்தில் அப்போது வந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். வருடக்கணக்கில் நான் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தது.

பக்கத்தின் ஓரத்தில் வெற்றிடம் இருந்தது. ஒரு வரி தாராளமாகப் போகும். அந்தப் பெண் கோப்பியோடு வந்தாள். அவளிடம் கேட்டிருந்தால் அங்கேயே பேனாவை எடுத்திருப்பாள். அன்றைக்கு உள்ளே நின்று பார்த்தவன் நான். சாட்சிக்கு வேறு யார் வேண்டும். நான் கோப்பியைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

திரும்பும்போது அந்தோனி காரை ஓட்டினான். இக்காஸ்டுக்கு இருபது நிமிடம். பார்லி வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. என் வாசலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னேன்:

"நாளைக்குப் போவம். குதிரையைக் கண்டவன் நீயெண்டு எழுதச் சொல்லுறன்."

அவன் தலையாட்டினான். அதை நான் மேசையில் புத்தகம் திறந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம். அவன் பெயர் இல்லாத அந்த இருபது நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது.